ஈறு பார்த்த மாதங்கள்

வெள்ளிக்கிழமை மாலை நாலே கால் மணி. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த நேரம் மனதில் நிற்கிறது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்றாள். புத்தகப் பையைத் தோளில் போடாமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். நான் தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியர். அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். உண்மைதான். ஆனால் அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாசலில் மாங்காய் தின்றிருப்பாள் என்று மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓமத் திரவம் கொடுத்துப் படுக்க வைத்தாள்.

மறுநாள் காலை விளக்கெண்ணெய். சில மாதங்களுக்கு ஒருமுறை சனிக்கிழமை பார்த்துப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் உள்ளதுதான். காப்பியில் கலந்து கொடுத்ததை அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது வலி வெகுவாகக் குறைந்திருந்தது. ரசம் சோறு கேட்டாள். எண்ணெய் நன்றாக வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. அடுத்த வீட்டு அம்மாள்கூட வந்து பார்த்துவிட்டு, முகம் தெளிந்துவிட்டதே என்றாள்.

அந்தத் தெளிவைப் பற்றிப் பிறகு டாக்டர் சொன்னதை இன்றும் என்னால் சாதாரணமாக நினைக்க முடிவதில்லை. குடல்வால் வீங்கி இறுகியிருக்கும்வரை வலிக்கும்; அப்போது பேதிக்குக் கொடுத்தால் வெடித்துவிடலாம். வெடித்தவுடன் இறுக்கம் போய்விடுவதால் கொஞ்ச நேரத்துக்கு வலி விட்டதுபோல இருக்கும். நாங்கள் சந்தோஷப்பட்டு ரசம் சோறு போட்டது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

ஞாயிறு மாலை குளிர் கண்டது. திங்கட்கிழமை காலை வயிற்றின் வலப்பக்கம், கீழே, ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு ஜட்கா வண்டியில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு போனோம். சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் சத்தம் போடவில்லை. என் வேட்டியைப் பிடித்து இறுக்கினாள், அவ்வளவுதான்.

எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி. சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பிரசவமும் பார்ப்பார், அறுவைச் சிகிச்சையும் செய்வார். அதிகம் பேசமாட்டார். மகளின் வயிற்றை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். எங்களைப் பார்த்து விளக்கெண்ணெய் கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். மனைவி தலையசைத்தாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

குடல்வால் வெடித்துவிட்டது, ஆனால் சீழ் வயிறு முழுக்கப் பரவவில்லை, உடம்பே அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கட்டிவைத்திருக்கிறது என்றார். இந்த நிலையில் உள்ளே கைவைத்தால் அந்தச் சுவர் உடையும். அதனால் இப்போது வெட்ட மாட்டேன், ஊசி போட்டுப் பார்க்கிறேன். பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும். குடலில் இருக்கும் கிருமிகள் ஒரே சாதி அல்ல, ஒரு மருந்து எல்லாவற்றையும் பிடிக்காது, அதனால் இரண்டு. வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக்கூடாது. கையில் குளுக்கோஸ் ஏறும்.

பிறகு மைப் பேனாவை எடுத்து, கட்டியின் ஓரம் எங்கே முடிகிறதோ அந்த வழியாகவே மகளின் வயிற்றில் ஒரு கோடு வரைந்தார். கூச்சத்தில் அவள் நெளிந்தாள்.

"இந்தக் கோட்டுக்கு உள்ளே சுருங்கினா மருந்து ஜெயிக்குதுன்னு அர்த்தம். கோட்டைத் தாண்டினா நான் ஜெயிக்க வைக்கணும்" என்றார்.

பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வரைபடத்தில் எல்லைக்கோடு போடச் சொல்லிக் கொடுப்பவன் நான். அந்த நாட்களில் என் மகளின் வயிற்றில் இருந்த ஊதா எல்லையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. காலையில் டாக்டர் வந்து போர்வையை விலக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது, கோட்டைப் பார்ப்பேன். முதலில் கட்டி கோட்டோடு நின்றது. பிறகு ஒரு பக்கம் விரலளவு வெளியே வந்தது. காய்ச்சல் மாலையானால் ஏறியது. மகளுக்குத் தன் உதடு காய்ந்திருப்பதுதான் பெரிய குறை. பஞ்சை நனைத்து ஒற்றினால் அதைச் சப்பப் பார்ப்பாள். நர்ஸ் பார்க்காத நேரத்தில் ஒரு சொட்டுக் கூடுதலாகப் பிழியச் சொல்லிக் கண்ணால் கெஞ்சுவாள்.

கோடு தாண்டிய அன்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். அந்த ரோட்டில் வண்டி குலுங்கினால் வழியிலேயே சுவர் உடைந்துவிடும் என்றார். ஊசியை இன்னும் கூட்டினால் என்ன என்று கேட்டேன். படித்தவன் என்ற நினைப்பில் கேட்ட கேள்வி.

"மருந்து ரத்தத்தோட போகுது சார். சீழ்ப் பைக்குள்ளே ரத்தம் ஓடல. எவ்வளவு ஊத்தினாலும் மருந்து வாசல்லயே நிக்கும். கதவைத் திறந்து விடணும். எந்த மருந்து நல்லதுங்கிறது அதுக்குப் பெறகுதான்."

அன்று பகலிலேயே திறந்தார். மயக்கத்துக்கு ஈதர் கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தும் நாற்றம் வெளியே வந்தது. அதை எப்படிச் சொல்ல? செத்த எலியின் நாற்றமும் சாக்கடை நாற்றமும் கலந்த மாதிரி. ஆனால் இனிப்பு வேறு அதில் இருந்தது. அடுத்த அறையில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணின் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். என் மனைவி மூடவில்லை. தன் பிள்ளையிடமிருந்து வருகிற எதற்கும் மூக்கை மூட அவளுக்குத் தெரியாது. நானும் மூடாமல் இருந்தேன், அவளைப் பார்த்துத்தான்.

டாக்டர் கை கழுவிவிட்டு எங்களிடம் வந்தார். சீழ் வெளியே வந்துவிட்டது, ரப்பர்க் குழாய் வைத்திருக்கிறேன், பெண் கண் விழிக்க நேரமாகும் என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் போகவில்லை. பெஞ்சில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மருந்தை மாற்ற வேண்டும் என்றார். அந்த நாற்றம்தான் காரணம். காற்றுப் படாத இடத்தில் மட்டும் வளரும் கிருமிகள் உண்டு, குடலில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன, இப்படி நாறினால் அவை இருக்கின்றன என்று அர்த்தம். இப்போது போடும் இரண்டு ஊசியும் அவற்றில் பலவற்றுக்குப் போதாது. டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் பிள்ளை இருக்கிற நிலையில் பார்க்கலாம் என்று சொல்லத் தனக்குத் துணிவில்லை என்றார். குளோராம்பெனிகால்தான் நம்பகமானது. சீழ் கட்டிய இடம்வரை போகும்; இந்தக் கிருமிகளைப் பிடிக்கும்.

இவ்வளவும் சொன்னவர் எங்கள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அதுல ஒரு ஆபத்து இருக்கு. சொல்லாம குடுக்க எனக்கு மனசில்ல. ரொம்ப அபூர்வமா, யாரோ ஒருத்தருக்கு, எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுறதையே இந்த மருந்து நிறுத்திரும். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது. மருந்தை நிறுத்தி மாசக்கணக்கு ஆன பெறகும் வரலாம். வந்தா திருப்ப முடியாது."

நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். தான் பார்த்ததில்லை, கூடப் படித்த ஒருவர் பார்த்திருக்கிறார் என்றார். ஒரு சின்னப் பையன். சாதாரணச் சளிக்கு யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அங்கே தேவையில்லாம குடுத்தாங்க. இங்கே தேவை இருக்கு. அந்த ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா ஆபத்து ஒண்ணுதான்."

தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல் ஓடியது. அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிதான் பேசினாள்.

"குடுங்க டாக்டரம்மா. எனக்கு இன்னைக்குப் பிள்ள வேணும். நாளைக்கு வாரதை நாளைக்குப் பாத்துக்கிடுதேன்."

நாளைக்கு வருவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது அந்த இடத்தில்தான்.

குடல் ஓடத் தொடங்கி, வாய் வழியாகக் கொடுக்கலாம் என்றானதும், அதுவரை ஊசியாகப் போட்ட அந்த மருந்தை மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஜெலட்டின் கூட்டுக்குள் தூள். அவள் வாழ்நாளில் மாத்திரை விழுங்கியவள் இல்லை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு திரும்ப வந்துவிடும். கூட்டை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தபோது அந்தக் கசப்பில் உடம்பே நடுங்கி வாந்தி எடுத்தாள். அதனால் நான் முன்னால் உட்கார்ந்து, என் வைட்டமின் மாத்திரையை வாயில் போட்டு, நாக்கின் பின்னால் தள்ளி, தலையைச் சற்றுக் குனிந்து, இளநீர் ஒரு வாய் விழுங்கிக் காட்டினேன். உண்மையில் எனக்கும் அது வராது. புரைக்கேறிக் கண்ணில் தண்ணீர் வந்து, நர்ஸ் ஓடி வந்து என் முதுகில் தட்டினாள். மகள் அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிக்கும்போது தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"எப்பா, நீங்க விழுங்காண்டாம். நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, ஒரே தடவையில் விழுங்கினாள்.

நடுவில் ஒரு நாள் என்னை உலுக்கிவிட்டது. சீழில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்றும் வளரவில்லை என்று பதில் வந்தது. கிருமியே இல்லையென்றால் அந்த ஆபத்தான மருந்து எதற்கு என்று, கும்பிடக்கூட மறந்து, டாக்டரின் அறைக்குள் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தட்டில் வளர்க்கிறவர்கள் காற்றில் வைத்து வளர்க்கிறார்கள். காற்றுப் பட்டால் செத்துப்போகிற கிருமி அதில் எப்படி வளரும்? வளரவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, நான் மூக்கால் பார்த்ததை அவர்களால் தட்டில் பார்க்க முடியாது என்றார். எனக்குப் புரிந்தது.

காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு மாலை ஏறவேயில்லை. குழாயை உருவினார்கள். வயிற்றில் கட்டியும் இல்லை, ஊதாக் கோடும் அழிந்துவிட்டது. பங்குனி வெயிலில் வீட்டுக்கு வந்தோம். மிச்சமிருக்கும் குடல்வாலை மழைக்காலம் முடிந்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கிளம்பும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்போம். நடுவில் முகம் வெளுத்தாலோ, காரணமில்லாமல் தோலில் நீலம் பாய்ந்தாலோ, ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ வேறு எங்கேயிருந்தோ ரத்தம் வந்தாலோ உடனே சொல்லுங்கள்.

மனைவியிடம் இதை நான் முழுவதும் சொல்லவில்லை. அவள் அன்று பெஞ்சில் கேட்டதோடு அதை விட்டுவிட்டிருந்தாள். பிள்ளைக்குச் சதை பிடிக்க வைப்பதில் இறங்கிவிட்டாள். காவல் என்னுடையது. தினம் காலையில் மகள் கிணற்றடியில் பல் விளக்கும்போது நானும் போய்ப் பக்கத்தில் நின்று விளக்குவேன். அவள் துப்புவதைப் பார்ப்பேன். ஈறைக் காட்டு என்பேன். கண்ணின் கீழிமையை விரலால் இறக்கிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் விளையாடி முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்தால் அந்த ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஒரு நாள் அவள் வாயை ஆவென்று திறந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"எண்ணிக்கிடுங்க. எல்லாப் பல்லும் இருக்கு. ராத்திரி ஒண்ணையும் யாருக்கும் விக்கல."

அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஈறைப் பார்த்தேன்.

சித்திரை, வைகாசி போயிற்று. ரத்தம் பார்த்ததில் குறையில்லை. ஆனிக் கடைசியில் சாரல் கட்டியது. பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்று குற்றாலத்தில் ஒரு வீட்டின் பின்கட்டைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தோம். பெரிய அருவியின் அடிக்குப் போகக்கூடாது, சிற்றருவியில் குளிக்கலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்திருந்தார். நீர் விழும் வேகத்தில் தோள் சிவந்தால்கூட எனக்குப் பதறும். சிவப்பு மறையும்வரை துண்டால் துடைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று காலை அவர்கள் இருவரும் குளிக்கப் போனார்கள். நான் கடைத்தெருவுக்குப் போய் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் போனேன். துவைகல்லில் மனைவி மகளின் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து வழிந்த தண்ணீரில் சிவப்பு இருந்தது. என்னைக் கண்டதும் அவள் துணியைச் சுருட்டி வாளிக்குள் அமுக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க உள்ள போகாதிய. இலஞ்சிக்கு ஆள் விட்டிருக்கேன். ஒங்க அக்கா வரட்டும், சொல்லுவாக."

இலஞ்சியில் என் அக்கா இருந்தாள். பண்டிகைக்கும் சாவுக்கும் தவிர ஆள் விட்டு அவளை அழைப்பதில்லை. வீட்டின் முன்கட்டில் குடியிருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சாத்தியிருந்த அறைக் கதவருகே போய், உள்ளே இருந்த மகளிடம் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சின்னக் குரலில் பதில் வந்தது, லேசாக வயிறு வலிக்கிறது என்று.

வயிறு. ரத்தம். அக்காவை அழைத்திருக்கிறார்கள். என்னிடம் மறைக்கிறார்கள். படித்த, நாற்பத்தைந்து வயதான, பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பனுக்கும் அந்த இடத்தில் வேறொன்று தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான்கு மாதமாக நான் ரத்தத்துக்கு மட்டுமே காத்திருந்தேன், அது வந்துவிட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மருந்துக் கடை ஒன்றில் தொலைபேசி இருந்தது. சாரலில் நனைந்துகொண்டே ஓடினேன். டாக்டர் கிடைத்தார். வந்துவிட்டது டாக்டர் என்றேன். ரத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார். தெரியவில்லை, என்னைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள், அக்காவை வரவழைக்கிறார்கள் என்றேன். பிறகு, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

"நான் வாரேன் சார். நீங்க பதறாம வீட்டுக்குப் போங்க."

அவர் வரும்வரை நான் வாசற்படியிலேயே இருந்தேன். மங்குஸ்தான் பொட்டலம் மடியில் இருந்தது. உள்ளே மனைவி ஏதோ சொல்வதும் மகள் முணுமுணுப்பதும் கேட்டது. அந்தப் பெஞ்சில் நான் பேசாமல் இருந்ததை நினைத்தேன். பேசியிருந்தாலும் வேறென்ன சொல்லியிருப்பேன்? கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அது தெரிந்தும் ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன்.

டாக்டரின் பழைய கறுப்புக் கார் வந்து நின்றது. அவர் குடை பிடிக்காமல் இறங்கி, என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரமானது போலிருந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். டாக்டரின் சிரிப்பு என்று பிறகுதான் உறைத்தது. அதற்குமுன் அதை நான் கேட்டதில்லை.

வெளியே வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஈறு பாத்துட்டேன். கண் இமை, கை, கால், முதுகு, எல்லாத்தையும் வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டேன். ஒரு புள்ளிகூடக் கிடையாது. ரத்தமும் எடுத்திருக்கேன், உங்களுக்காக. உங்க மக வயசுக்கு வந்திருக்கா சார்."

நான் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே அதிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி உடைத்து, பாதியை என் கையில் வைத்தார்.

"இதை உங்ககிட்ட மொதல்ல சொல்ல வேண்டியது நானில்ல, உங்க அக்கா. அவங்க வந்து சொல்லும்போது, இப்பத்தான் கேக்குத மாதிரிக் கேட்டுக்கிடுங்க."